விலையை ஏன் நிற்க வைக்கிறோம்? பொருளியல் பாடத்திட்டக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பாடத்திட்டக் குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். பி.ஏ. பொருளியல் முதலாண்டுக்குக் கணிதத் தாள் நடத்துகிறவன் நான். சென்ற பருவத்தில் ஒரு மாணவி எழுந்து கேட்டாள்: "விலை மாறினால்தானே சார் தேவை மாறுது? காரணமா இருக்கிறதை எக்ஸ் அச்சில் போடணும்னு நீங்கதானே சொன்னீங்க? அப்புறம் மைக்ரோ (நுண்பொருளியல்) வகுப்பில் மட்டும் விலையை ஏன் செங்குத்து அச்சில் நிற்க வைக்கிறாங்க?"

நியாயமான கேள்வி. 1838இல் பிரெஞ்சுப் பொருளியலாளர் கூர்னோ வரைந்த தேவைக் கோட்டில் (விலைக்கு ஏற்ப வாங்கும் அளவு எப்படி மாறுகிறது என்று காட்டும் கோடு) விலை கிடை அச்சில்தான் இருந்தது. பின்னால் ஆங்கிலப் பொருளியலாளர் மார்ஷல் அதை நிமிர்த்தி வைத்தார். அந்தப் பழக்கம் அப்படியே நிலைத்துவிட்டது. இதைச் சொல்ல இரண்டு நிமிடம் போதும். ஆனால் நம் பாடத்திட்டத்தில் இதற்கு இடமே இல்லை. கணிதத் தாளில் அச்சு ஒரு மாதிரி, நுண்பொருளியல் தாளில் வேறு மாதிரி. இரண்டுக்கும் நடுவில் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள்.

தடுமாற்றம் எங்கே வெளிப்படுகிறது என்றால், விலை ஒரு சதவீதம் மாறினால் தேவை எத்தனை சதவீதம் மாறும் என்ற நெகிழ்ச்சிக் கணக்கில். விலை = 100 − 2 × அளவு என்று ஒரு தேவைக் கோடு கொடுத்தேன். அளவு 20 என்றால் விலை 60. படத்தில் தெரியும் சாய்வு 2 (குறைக்குறியை விட்டுவிடுவோம்). அதை எடுத்து 60ஆல் பெருக்கி 20ஆல் வகுத்து, நெகிழ்ச்சி 6 என்று எழுதி வைத்தார்கள். வேண்டியது அந்தச் சாய்வின் தலைகீழ், அதாவது அரை. சரியான விடை 1.5. வகையிடல் (ஒன்று சிறிது மாறினால் மற்றது எந்த வீதத்தில் மாறும் என்று காண்பது) சூத்திரம் எல்லோருக்கும் மனப்பாடம்தான். எதை எதனால் வகையிடுகிறோம் என்பதுதான் பிடிபடவில்லை.

இவர்களில் பலர் மேல்நிலையில் வணிகவியல், வரலாறு எடுத்து வந்தவர்கள். கணக்கை அவர்கள் கடைசியாகத் தொட்டது பத்தாம் வகுப்பில். நேர்கோட்டின் சாய்வு அங்கேயே வந்துவிடுகிறது. இரண்டு வருடத்தில் மறந்துபோகிறது. பதினொன்றாம் வகுப்புப் பொருளியல் நூலிலும் கணித முறைகள் உண்டு, ஆனால் கடைசி அத்தியாயமாக. கடைசி அத்தியாயங்களின் கதி நம் எல்லோருக்கும் தெரியும்.

இப்படி வருகிறவர்களுக்கு நாம் முதலில் கணங்களை நடத்துகிறோம். அப்புறம் அணிகள் (எண்களைக் கட்டமாக அடுக்கிச் செய்யும் கணக்கு). வகையிடலுக்கு வரும்போது பருவம் பாதி தாண்டியிருக்கும். அதற்குள் மைக்ரோ வகுப்பில் இறுதிநிலை வருவாயே (கூடுதலாக ஒன்று விற்றால் கூடும் வருவாய்) முடிந்துபோயிருக்கும்!

என் கோரிக்கை ஒன்றுதான்: சாய்வையும் வகையிடலையும் முதல் அலகாக்குங்கள். அதையும் எண்களிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். மேலே சொன்ன கோட்டில் 19 விற்றால் வருவாய் 1178, 20 விற்றால் 1200, 21 விற்றால் 1218. இருபதாவது பொருள் கொண்டுவந்தது 22 ரூபாய், இருபத்தொன்றாவது 18. இப்போது வருவாயை (100 × அளவு − 2 × அளவு²) வகையிட்டுப் பார்த்தால் 100 − 4 × அளவு, அதாவது 20. சரியாக இரண்டுக்கும் நடுவில். கரும்பலகையில் இதைப் போட்டதும் வகுப்பில் ஒரு சத்தம் வரும் பாருங்கள், அதற்காகவே நான் இந்தத் தாளைக் கேட்டு வாங்கி நடத்துகிறேன்.

இடத்துக்கு எங்கே போவது என்பீர்கள். மூன்றுக்கு மூன்று நேர்மாறு அணியைக் கையால் கண்டுபிடிக்கும் பத்து மதிப்பெண் கணக்கை எடுத்துவிடலாம். அணி வேண்டாம் என்று சொல்லவில்லை. பொருளியலாளர் லியோன்டிப்பின் உள்ளீடு-வெளியீட்டு அட்டவணையை (எந்தத் துறையின் உற்பத்தி எந்தத் துறைக்கு எவ்வளவு போகிறது என்ற கணக்கு) இரண்டே துறைகளோடு நடத்தினால், நேர்மாறு எதற்கு என்று புரிந்துவிடும். இப்போது அந்தப் பெயரே தெரியாமல் பெருக்கிக்கொண்டிருக்கிறார்கள். மிச்சமாகும் நேரத்தில் மடக்கைக்கு (லாகரிதம்) இரண்டு வகுப்பு கொடுங்கள். ஆண்டுக்கு 7 சதவீதம் வளர்ந்தால் ஏறக்குறைய 10 ஆண்டில் இரட்டிப்பாகும் என்பதை விளக்க முடியாமல் ஒருவர் பொருளியல் பட்டம் வாங்குவது எனக்கு உறுத்துகிறது.

கணிதமே தேவையில்லை என்று வாதிடும் சக ஆசிரியர்கள் மார்ஷலைத் துணைக்கு அழைக்கிறார்கள். கணிதத்தை எரித்துவிடு என்று அவர் 1906இல் புள்ளியியலாளர் பௌலிக்கு எழுதியது உண்மைதான். ஆனால் அதற்கு முன்னால் உள்ள படிகளையும் படிக்க வேண்டும்: கணக்கை முடி, பேச்சுமொழிக்கு மாற்று, வாழ்க்கையிலிருந்து உதாரணம் காட்டு, பிறகு எரி. சொன்னவர் 1865இல் கேம்பிரிட்ஜ் கணிதத் தேர்வில் இரண்டாமிடம் பெற்றவர். எரிக்க அவரிடம் நிறைய இருந்தது.

அந்த நடுப்படிகளை வினாத்தாளிலும் கொண்டுவாருங்கள். "வகையிடுக" என்பதோடு "விடையை இரண்டு வரியில் விளக்குக" என்றும் கேளுங்கள், அதற்கு மதிப்பெண் ஒதுக்குங்கள். வினாத்தாளில் வராததை எந்தக் கல்லூரியிலும் நடத்த மாட்டார்கள், நானும் சேர்த்துத்தான்.

முதல் அலகுக்கான பயிற்சித் தாள்களைத் தமிழிலேயே எழுதி வைத்திருக்கிறேன். அடுத்த கூட்டத்துக்கு முன் கேட்டால் அனுப்பிவைக்கிறேன். முதல் பக்கத்தில் அந்த மாணவியின் கேள்விதான் இருக்கிறது.

அன்புடன்,
ஒரு பொருளியல் ஆசிரியர்