பென்சில் வட்டம்

செந்தூல், கோலாலம்பூர்,
ஞாயிறு காலை

அன்புள்ள பாப்பாவுக்கு,

பசியாறிவிட்டாயா? அம்மா மார்க்கெட்டுக்குப் போயிருக்கிறாள். "பட்டறையில் முப்பது வருடம் இரும்பு அறுத்தது போதாதா?" என்று கேட்டுவிட்டுத்தான் படியிறங்கினாள். உன் பழைய வயலினை நான் வாசிப்பதைச் சொல்கிறாள்.

ஏழு மாதமாக ஒரே வர்ணம், கீர்த்தனைக்கு முன்னால் படிக்கிற உருப்படி. பைரவி ராகத்தில் விரிபோணி, நீ பதினாறு வயதில் வாசித்த அதே விரிபோணி. அதை இயற்றிய பச்சிமிரியம் ஆதியப்பய்யா, சங்கீத மும்மூர்த்திகளில் ஒருவரான சியாமா சாஸ்திரிக்கே குரு என்று டீச்சர் சொன்னார். அப்பேர்ப்பட்டவர் செய்தது என் கையில் படுகிற பாடு!

முதலில் தாளம் படுத்தியது. அலங்காரத்தில் வாசித்த அட தாளம்தானே என்று மெத்தனமாக இருந்துவிட்டேன். தட்டி நாலு விரல், மறுபடி தட்டி நாலு விரல், அப்புறம் இரண்டு முறை தட்டு வீச்சு. மொத்தம் 14 அட்சரம். இரண்டாவது லகுவிலேயே, அதாவது இரண்டாவது தட்டு நாலு விரலிலேயே, தொலைந்துபோவேன். செந்தூலில் கொமுட்டர் ரயில் ஏறினால் சென்ட்ரல் வரை தொடையில் தட்டிக்கொண்டே போவேன். ஒருநாள் எதிரில் இருந்த மலாய்ப் பையன், "கால் வலியா, பாக்சிக்?" என்று பையிலிருந்து தைலத்தை எடுத்து நீட்டினான். வாங்கித் தடவிக்கொண்டேன், வேறென்ன செய்ய.

தாளம் ஒருவழியாக உட்கார்ந்துவிட்டது. 'த' ஸ்வரம், அந்தத் தைவதம்தான் உட்காரவில்லை. ஏறும்போது சதுசுருதி தைவதம், இறங்கும்போது அதைவிடத் தாழ்ந்த சுத்த தைவதம். பஞ்சமத் தந்தியில் இரண்டுக்கும் ஆள்காட்டி விரல்தான். இறங்கும்போது அதை ஒரு விரற்கடை பின்னால் இழுக்க வேண்டும். முதல் கால வேகத்தில் விரல் சொன்ன பேச்சைக் கேட்கிறது. இரட்டிப்பு வேகமான இரண்டாம் காலத்தில், ஏறிய இடத்திலேயே நின்றுகொள்கிறது.

டீச்சர் சொன்னபடி வாராவாரம் கைப்பேசியில் பதிவு செய்கிறேன். நேற்று மழையில், தந்தியை முறுக்கும் பிருடை நிற்காமல் சுருதி இறங்கிக்கொண்டே இருந்தது. வாசிக்க முடியவில்லை என்று பழைய பதிவுகளைக் கேட்டேன். மார்ச்சில் ஒருநாள் பிரமாதமாக வாசித்துவிட்டதாக நினைத்து, அந்தச் சந்தோஷத்தில் அம்மாவுக்கு மீ கோரேங் வாங்கிக்கொடுத்தேன். இப்போது கேட்டால் தைவதம் வந்த இடமெல்லாம் பிசகு. அன்று ஒன்றுகூட என் காதில் விழவில்லை. போன வாரப் பதிவில் தப்பு மூன்றே இடம். ஆனால் மூன்றும் வாசிக்கும்போதே தெரிந்துவிட்டதால், தைவதம் வரும் முன்பே பயந்து வில் நடுங்குகிறது. கேட்கிறவர்களுக்கு மார்ச்சே தேவலை. இதை நான் எந்தக் கணக்கில் எழுதுவது, சொல்.

பட்டறையில் சாயங்காலம் போர்மேன் கேட்பது ஒரே கேள்வி: "இன்றைக்கு எத்தனை முடிந்தது?" பிரிக்பீல்ட்ஸில் வகுப்பு விடும்வரை காரில் காத்திருந்து உன்னிடம் நான் கேட்டதும் அதுதான். நான்கு மாதமாக இதே வர்ணம்தான் என்று நீ சொன்ன அன்று, வீடு வரை பேசிக்கொண்டே வந்தேன். மாதம் எண்பது வெள்ளி கட்டுகிறேன், உன்னோடு சேர்ந்த பிள்ளை கீர்த்தனைக்குப் போய்விட்டாள் என்றெல்லாம். நீ ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாய். அப்புறம், அடுத்த வருடம் எஸ்.பி.எம். பரீட்சை என்று சாக்குச் சொல்லி வயலினை மூடினாய். சாக்கு என்று எனக்கு அப்போதே தெரியும். எண்பது வெள்ளி மிச்சமாயிற்றே என்று பேசாமல் இருந்துவிட்டேன். தப்பு என்னுடையது, பாப்பா. பரீட்சையின் மேல் போடாதே.

உன் பழைய நோட்டை வைத்துத்தான் வாசிக்கிறேன். வர்ணத்தின் முக்தாயி ஸ்வரப் பகுதியில் ஒரு 'த'வைச் சுற்றிப் பென்சிலால் வட்டம் போட்டிருக்கிறாய். ஒரு தடவை போட்டதில்லை. மேலே மேலே போட்டுப் போட்டுக் காகிதமே பளபளக்கிறது. நானும் அங்கேயேதான் தடுக்கி விழுகிறேன். டீச்சரிடம் கேட்கலாம், கேட்கவில்லை. நீ அந்த இடத்தில் விரலை இழுத்தாயா, எடுத்து வைத்தாயா? போன் பண்ணும்போது சொல்.

அப்பா