மொரோக்கோ குளியலுக்கு நீராவி மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வளைகுடாவில் வேலை செய்து திரும்பியவர்களும் பரிஸிலிருந்து விடுமுறையில் வருபவர்களும் சொல்லக் கேட்டு, ‘மொரோக்கோ குளியல்’ பற்றி வன்னியிலும் விசாரிக்கிறார்கள். நீராவி அறையில் இருந்து வியர்த்துவிட்டு வருவதுதான் அது என்று பலர் நினைப்பதால் இதை எழுதுகிறோம்.

மொரோக்கோவில் ‘ஹம்மாம்’ எனப்படும் பொதுக் குளியலகத்தின் சூட்டறையில் வெப்பம் ஏறக்குறைய 40 முதல் 50 பாகைதான். ஆனால் காற்று முழுக்க ஈரம். ஆண்களுக்கும் பெண்களுக்கும் வேறு வேறு நேரம் அல்லது வேறு பகுதி. கீழ் உள்ளாடையைக் கழற்றுவதில்லை.

முதல் 10–15 நிமிடம் சும்மா இருந்து வியர்க்க வேண்டும். பிறகு ஒலிவ் எண்ணெயில் செய்த, களி போன்ற கருஞ்சவர்க்காரத்தை மெல்லிதாகப் பூசி 5–10 நிமிடம் ஊறவிடுவார்கள். அது அதிகம் நுரைக்காது, நுரைக்கவும் தேவையில்லை. அடுத்து அதை முற்றாகக் கழுவ வேண்டும். பிழை நடப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். வழுவழுப்பு மிஞ்சினால் ‘கெஸ்ஸா’ என்ற சொரசொரப்பான கையுறை வழுக்கும், ஊத்தை வராது. வரவில்லையே என்று அழுத்தித் தேய்த்தால் தோல் சிவந்து எரியும். நன்றாக ஊறிய உடம்பில் கையுறையை நீளமாக இழுத்தாலே போதும், இறந்த தோல் சாம்பல் நிறத் திரிதிரியாக உருண்டு வரும். கடைசியாகக் ‘கசூல்’ களிமண்ணை வெந்நீரில் குழைத்துத் தலைக்கும் உடம்புக்கும் பூசிக் கழுவுவார்கள்.

எங்கள் முழுக்கில் எண்ணெய் முதலில். அங்கே, ஆர்கன் என்ற மரத்தின் கொட்டையில் எடுக்கும் எண்ணெயைப் பூசுவது எல்லாம் முடிந்த பிறகுதான். நல்லெண்ணெய் பூசிக்கொண்டு போனால் கையுறை தோலைப் பிடிக்காது.

இங்கே இதைத் தொடங்க நினைப்பவர்கள் முதலில் தண்ணீரைப் பார்க்க வேண்டும். வன்னியில் பல கிணறுகளின் நீர் கடினமானது; அதில் சவர்க்காரம் திரைந்து பிசுக்காக ஒட்டும், கழுவி முடியாது. சேமித்த மழைநீர் நல்லது. தண்ணீர்ச் செலவும் சிறிதல்ல. வறட்சியால் 2024இல் மொரோக்கோவின் பல நகரங்களில் ஹம்மாம்களை வாரத்தில் மூன்று நாள் மூடவைத்தார்கள்.

கர்ப்பிணிகளும் இருதய நோயாளரும் இரத்த அழுத்தக்காரரும் வைத்தியரைக் கேட்காமல் போகக்கூடாது. நீரிழிவால் கால் மரத்தவர்களுக்குத் தரைச்சூடு தெரியாது, பாதம் வெந்துவிடும். குளியலுக்கு முந்தின நாள் சவரமோ வக்ஸிங்கோ வேண்டாம். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டோ, வயல் வெயிலில் நின்றுவிட்டு நேரேயோ உள்ளே போகவேண்டாம். தலை சுற்றினால் உடனே வெளியே வந்து இருந்து தண்ணீர் குடியுங்கள். கெஸ்ஸா ஆளுக்கொன்று, ஒருவர் பாவித்ததை இன்னொருவருக்குப் போடும் இடத்தில் குளிக்காதீர்கள்.

அழகுக்கலைப் பயிற்றுநர்கள்,
கிளிநொச்சி