என் மகளுக்குத் துணை நின்றவர்களுக்கு

எல்லோருக்கும் வணக்கம்.

என் மகளுக்குக் கடைசியாக வலிப்பு வந்து 2 வருடம் முடிந்துவிட்டது. மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துப் பார்க்கலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதைக் கேட்டதும் உங்கள் முகங்கள்தான் நினைவுக்கு வந்தன.

முதல் நன்றி அவளுடைய வகுப்பு டீச்சருக்கு. வலிப்பு வந்து அவள் வகுப்பில் விழுந்ததும் ஒருவர் அவள் கையில் இரும்புச் சாவியைத் திணிக்க, இன்னொருவர் அவள் வாயில் கரண்டியை வைக்கப் போனாராம். நீங்கள் இருவரையும் தடுத்து, பெஞ்சுகளை நகர்த்தி, தலைக்கடியில் புத்தகப் பையை வைத்து, இழுப்பு நின்றதும் ஒருக்களித்துப் படுக்கவைத்தீர்கள். உங்கள் உள்ளங்கையில் பேனாவால் எழுதியிருந்தது எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது: 10.42, 10.44, 'வலது கை முதலில்'. வலிப்பு எப்போது தொடங்கியது, எப்போது நின்றது, முதலில் எங்கே இழுத்தது என்றுதான் டாக்டரும் கேட்டார். 3 வருடம் கூடவே இருந்து பார்த்த எனக்குப் பதில் தெரியவில்லை. வலிப்பு வந்தால் நான் கண்ணை மூடிக்கொண்டு சாமியைக் கூப்பிடுவேன், அவ்வளவுதான்.

அந்த 3 வருடமும் வெளியே சொல்லாமல் மறைத்தோம். காற்று கருப்பு என்றார்கள், தொட்டால் ஒட்டும் என்றார்கள், கல்யாணம் ஆனால் சரியாகிவிடும் என்றும் சொன்னார்கள். எல்லாவற்றையும் நம்பினேன்.

டாக்டர் ஐயா, "எதனால் வந்தது என்று நினைக்கிறீர்கள்?" என்று நீங்கள் முதலில் என்னைக் கேட்டீர்கள். நான் சொன்னதைச் சிரிக்காமல் கேட்டுவிட்டு, மூளையில் ஓடும் மின்சாரம் சற்று நேரம் தாறுமாறாவதுதான் வலிப்பு, இது யாருக்கும் ஒட்டாது என்று விளக்கினீர்கள். உலகத்தில் சுமார் 5 கோடிப் பேருக்கு இந்த நோய் இருக்கிறது, முறையாக மருந்து எடுத்தால் 10 பேரில் 7 பேர் வரை வலிப்பில்லாமல் இருக்கலாம் என்றீர்கள். நான் தனியாள் இல்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

மந்திரித்துக் கயிறு கட்டும் பெரியவருக்கும் நன்றி சொல்ல வேண்டும். சிலருக்கு இது ஆச்சரியமாக இருக்கலாம். "கயிறு கிடக்கட்டும்மா, மாத்திரையை மட்டும் விட்டுடாதே" என்று அவர் சொல்லியிருக்காவிட்டால் என் மாமியார் மருந்துக்குச் சம்மதித்திருக்கவே மாட்டார்.

அப்படியும் நான் ஒரு தப்புச் செய்தேன். 6 மாதம் வலிப்பு வரவில்லை, குணமாகிவிட்டது, மாத்திரை வேறு உடம்புக்குச் சூடு என்று நானாகவே நிறுத்திவிட்டேன். சில நாட்களில் வந்த வலிப்பு 5 நிமிடம் தாண்டியும் நிற்கவில்லை. நர்ஸ் அக்கா, வண்டி பிடித்து எங்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனது நீங்கள்தான். திட்டவில்லை. மறுநாள் காலண்டரோடு வந்து, மாத்திரை போட்டதும் அந்தத் தேதியைச் சுழிக்கச் சொன்னீர்கள். முதல் மாதம் நான் சுழித்தேன். அப்புறம் அவளே சுழிக்க ஆரம்பித்துவிட்டாள்.

கடைசியாக, வகுப்பில் அவள் பக்கத்து இடத்தைவிட்டு ஒரு நாளும் எழுந்து போகாத அந்தச் சின்னத் தோழிக்கும் அவளை அங்கேயே உட்காரவிட்ட பெற்றோருக்கும் என் நன்றி.

அன்புடன்,
ஒரு அம்மா