மணல் லோடுக்கு முன்பணம் கொடுக்கும் முன்: குதிரை வளர்ப்போர் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சங்கத் தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நமது பொது லாயத்தின் முன்திடலில் ஐப்பசி மழைக்கு முன்பாக இவ்வாண்டும் மணல் கொட்டுவதென்று கடந்த கூட்டத்தில் முடிவாகியிருக்கிறது. அந்த முடிவை ஒருமுறை மறுபரிசீலனை செய்ய வேண்டுமென்று, சங்க உறுப்பினன் என்ற முறையிலும் உங்கள் குதிரைகளுக்கு லாடம் அடிப்பவன் என்ற முறையிலும் கேட்டுக்கொள்கிறேன். பழைய சேற்றை வாரி அகற்றாமலும் மழைநீருக்கு வழி செய்யாமலும் எதைக் கொட்டினாலும் அது கார்த்திகைக்குள் சேறாகிவிடும். கொட்டிய பணம் விழலுக்கு இறைத்த நீர்தான்.

கடற்கரை ஊர் என்பதால் தண்ணீர் தானே வடிந்துவிடும் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். திடலின் தாழ்ந்த மூலையில் கடப்பாரையால் குத்திப் பாருங்கள். ஒரு முழத்துக்குள் களிமண் வந்துவிடும். அந்தக் களியின்மேல் தேங்கும் நீரைக் குதிரைகள் மிதித்துக் கலக்க, அதனோடு லத்தியும் சிந்திய வைக்கோலும் மட்கிச் சேர, தண்ணீரை வெளியே விடாத கருஞ்சேறு உருவாகிறது. 450 கிலோ எடையுள்ள குதிரை நாளொன்றுக்கு 20 கிலோவுக்கு மேல் லத்தி போடும் என்பார்கள். நம் நாட்டுக் குதிரைகள் அதைவிடச் சிறியவை என்றாலும், ஒரு மாதம் வாராமல் விட்டால் சேருவது எவ்வளவு என்பதை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். வழுக்காமலிருக்க வைக்கோலைப் பரப்பும் வழக்கம் இரண்டு நாளைக்கு உதவும். மூன்றாம் நாள் அதுவும் சேற்றுக்கே உரமாகிறது.

இதன் விளைவை நான் குளம்பைத் தூக்கும்போது பார்க்கிறேன். குளம்பின் அடியில் நடுவே முக்கோணமாக இருக்கும் மென்மையான பகுதி, நலமான குதிரைக்கு ரப்பரைப் போல் உறுதியாக இருக்க வேண்டும். மழைக்காலத்தில் அதன் இருபக்கப் பள்ளங்களில் கொக்கியை விட்டால் கறுத்த கசிவும் மூக்கைப் பொத்தவைக்கும் நாற்றமும் வருகின்றன. சற்று அழுத்தினாலே குதிரை காலை உதறுகிறது. ஊறிய குளம்பில் ஆணி பிடிப்பதில்லை என்பதால் லாடம் சேற்றிலேயே கழன்று விழுகிறது. அந்த ஆணியை மிதிக்கும் அடுத்த குதிரையின் கதி தனி. பாண்டியர் காலத்தில் அரபு நாடுகளிலிருந்து கப்பலில் வந்திறங்கிய குதிரைகள் சரியான பராமரிப்பின்றி ஏராளமாக மாண்டன என்று 13ஆம் நூற்றாண்டில் இக்கரைக்கு வந்த மார்க்கோ போலோ எழுதியிருக்கிறார். அவர் சொன்ன எல்லாவற்றையும் நம்ப வேண்டியதில்லை. ஆனால் நம் திடலை மார்கழியில் பார்ப்பவர்கள் இதை மட்டும் நம்பிவிடுவார்கள்.

முதல் வேலை கூரையில் இருக்கிறது. 1,000 சதுர அடித் தகரக் கூரையில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் 9,000 லிட்டருக்கு மேல் தண்ணீர் இறங்கும். 2024 நவம்பர் 20 அன்று இராமேசுவரத்தில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியதை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். அத்தகைய மழைக்கு எந்தத் திடலும் தாங்காது என்பது உண்மையே. எனினும் சாதாரண மழையின் கூரைநீர் முழுவதும் இன்று குதிரைகள் நிற்கும் வாசலிலேயே விழுகிறது. கூரை விளிம்பில் தகர வடிகால் பொருத்தி, குழாய் வழியாக அந்த நீரை வெளியேற்றினாலே பாதித் தொல்லை குறையும். மேட்டுப்பக்கத்திலிருந்து வரும் நீரை மறிக்க ஒரு வாய்க்கால் வெட்ட வேண்டும். அதைத் தென்னந்தோப்புப் பக்கம் திருப்புங்கள். லத்தி கலந்த நீர் ஊரணிக்குப் போய்விடக் கூடாது.

அடுத்து, திடல் காய்ந்திருக்கும் இப்போதே கருஞ்சேற்றை முழுவதும் வழித்தெடுத்து, நீர் வடிய 100 அடிக்கு ஒன்று முதல் இரண்டு அடி வரை சரிவு கொடுக்க வேண்டும். அதன்மேல் சாலை வேலைக்குப் பயன்படும் ஜியோடெக்ஸ்டைல் துணியை விரிக்க வேண்டும். இது இல்லாவிட்டால் ஜல்லி களிக்குள் அமிழ்ந்துபோகும். துணியின்மேல் 6 அங்குலம் ஜல்லி, அதன்மேல் 3 அங்குலம் கிரஷர் தூசி (கல் உடைக்கும் ஆலையில் கிடைக்கும் கற்பொடி) போட்டு, நீர் தெளித்து உருளை ஓட்டிக் கெட்டிப்படுத்தினால் போதும். திடல் முழுவதற்கும் இதைச் செய்யச் சங்கத்தில் பணம் இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆகவே குதிரைகள் அதிகம் நிற்கும் இடங்களான வாசல், தண்ணீர்த் தொட்டி, தீவனம் போடும் மூலை ஆகியவற்றை மட்டும் இவ்வாண்டு எடுத்துக்கொள்வோம். தினமும் லத்தி வாருவதற்குச் செலவில்லை, முறைவைத்தால் போதும்.

மலிவாகக் கிடைக்கிறதென்று சிலர் சொல்லும் பொருள்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கடல் மணல் உப்பால் ஈரத்தை விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். கரையில் மணல் அள்ளுவதும் சட்டப்படி குற்றம். பழைய வீடுகளில் இருப்பதுபோல் பவளக்கல் கொண்டுவரலாம் என்ற பேச்சையே எடுக்க வேண்டாம்; மன்னார் வளைகுடாவில் பவளப்பாறைகள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் காக்கப்படுபவை. தென்னைநார்க் கழிவு தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். சீமைக் கருவேலச் சிராய்களில் முள் இருக்கும். எந்த மணலாக இருந்தாலும் அதன்மேல் தீவனத்தைக் கொட்டக் கூடாது. புல்லோடு மணலும் வயிற்றுக்குள் போய்த் தங்கிக் கடும் வயிற்றுவலியை உண்டாக்கும்.

மணல் லோடுக்கான முன்பணத்தை அடுத்த கூட்டம் வரை நிறுத்திவைத்து, அந்தத் தொகையில் கூரை வடிகால், வாய்க்கால், வாசல் பகுதி ஆகிய மூன்றையும் முடிக்க இயலுமா என்று ஒரு கொத்தனாரை வைத்து மதிப்பிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். மதிப்பீட்டுக்கு வருபவரோடு கடப்பாரையுடன் நானும் வருகிறேன்.

இப்படிக்கு,
சங்க உறுப்பினன், லாடம் அடிப்பவன்