31 வழக்கு முடிந்தது

மண்டபம் முகாம்

அன்புள்ள சாகுல்,

பதில் போடாததற்கு நீ திட்டியது நியாயம்தான். வாப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததாமே, துரை சொன்னான். அந்த ஏர்வாடி சமாசாரத்தை மட்டும் இப்போது கிளறாதே.

சூடாக்கிய குருந்தக் கல்லின் மேல்முகத்தில் அணுக்கள் எப்படி அடுக்கியிருக்கும் என்ற நம்ம 31 வழக்கில் நீ தோற்றுவிட்டாய், மச்சான். குருந்தத்தின், அதாவது அலுமினியம் ஆக்சைடு படிகத்தின், 0001 என்ற முகத்தை வெற்றிடத்தில் 1000 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கினால் 4.76 ஆங்ஸ்ட்ராம் (மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு ஓர் ஆங்ஸ்ட்ராம்) அணுக் கட்டம் வர்க்கமூலம் 31 மடங்காகி, 26.5 ஆங்ஸ்ட்ராம் பக்கத்தோடு 9 டிகிரி திரும்பி நிற்கும். 1960களிலிருந்து லீட் படத்தில், அதாவது எலக்ட்ரான்கள் மேற்பரப்பில் பட்டுத் திரும்பி விழும் புள்ளிப் படத்தில், தெரிந்த சங்கதி. ஆக்சிஜன் பறந்துபோய் மேலே அலுமினியம் மிஞ்சுகிறது என்பது உன் கட்சி. 1994இல் வந்த எக்ஸ் கதிர் ஆய்வும் மேலே இரண்டு அலுமினிய அடுக்கு என்றதும் நீ மீசை முறுக்கியது ஞாபகம் இருக்கிறதா?

வியன்னா தொழில்நுட்பப் பல்கலைக்கழகக் குழு 2024இல் சயின்ஸ் இதழில் எழுதியதைப் படி. அலுமினியம், ஆக்சிஜன் விகிதம் அதே 2:3தான், ஆக்சிஜன் எங்கும் ஓடவில்லை. வெட்டிய முகத்தில் அலுமினியத்துக்கு மூன்று ஆக்சிஜன்தான் துணை, உள்ளே ஆறு. மேலடுக்கு அணுக்கள் இடம் மாறிக்கொண்டால் அலுமினியம் இறங்கிக் கீழ் அடுக்கு ஆக்சிஜனையும் பிடித்துக்கொள்ளலாம். அவ்வளவு பெரிய கட்டம் எதற்கு என்று மண்டையை உடைத்தோமே, இதற்குத்தான்.

பார்த்த விதம்தான் அழகு. மின்சாரம் பாயாத கல் ஆதலால், ஊசிக்கும் பரப்புக்கும் இடையிலான மின்னோட்டத்தை வைத்து அணுக்களைக் காட்டும் எஸ்டிஎம் நுண்ணோக்கி உதவாது. குவார்ட்ஸ் இசைக்கவையின் ஒரு கையை அசையாமல் ஒட்டி, மறு கையில் ஊசியைப் பொருத்தி, சுமார் 30 கிலோஹெர்ட்ஸில் ஆங்ஸ்ட்ராம் கணக்கில் ஆட்டி, அதிர்வெண் எவ்வளவு நகர்கிறது என்று அளந்தார்கள். வெறும் ஊசியில் எது அலுமினியம், எது ஆக்சிஜன் என்று தெரியாது. நுனி மாறினால் வெளிச்சமும் இருட்டும் இடம் மாறிவிடும். அதனால் நுனியில் ஒரே ஓர் ஆக்சிஜன் அணுவை ஏற்றினார்கள். அது அலுமினியத்தை இழுக்கும், ஆக்சிஜனைத் தள்ளும். கணக்கீட்டு மாதிரி அதன்பிறகுதான் படத்தோடு ஒட்டியது.

நீ சூடாக்கப் போகும் துண்டைப் பற்றி. நம்ம ஊர்க் காற்றில் கிடந்த கல்லில் ஈரமும் உப்பும் ஏறியிருக்கும், நன்றாகக் கழுவு. கரிக்கறை போக ஆக்சிஜன் 10⁻⁶ மில்லிபாரில் ஒருமுறை சுடு. மெதுவாக ஏற்று, இல்லையென்றால் விரிசல். அதிக சூட்டில் படிகத்துக்குள் இருக்கும் கால்சியம் மேலே கசியும்; மேற்பரப்பில் என்னென்ன தனிமம் என்று எக்ஸ் கதிரால் காட்டும் எக்ஸ்பிஎஸ் பார்க்காமல் எதையும் நம்பாதே. லீட் புள்ளிகள் அலைந்தால் கல்லில் மின்னூட்டம் சேர்கிறது, எலக்ட்ரான் ஆற்றலைக் கூட்டு. +9, −9 இரண்டு திசையும் சேர்ந்தே வரும், புள்ளி இரட்டிப்பாய்த் தெரிந்தால் பதறாதே.

கீழக்கரைக் காக்காவிடம் சொல்லாதே, தன் நீலக்கல்லிலும் 31 தேடச் சொல்வார். அங்கே நிறம் தருவது உள்ளே இருக்கும் இரும்பும் டைட்டானியமும்; இந்த மேலடுக்குக்கு அதில் வேலையில்லை.

லீட் படத்தை அனுப்பு. பந்தயப் பணத்தைத் துரையிடம் கொடு, என்னிடம் வேண்டாம், செலவாகிவிடும்.

உன்,
முருகு