பயணப்பொதி என்று எழுதலாமே

ஆசிரியருக்கு வணக்கம். ரயில், விமானச் செய்திகளில் எப்போதும் 'லக்கேஜ்' என்றே போடுகிறீர்கள். பாரமானதை இழுத்துச் செல்வதைக் குறிக்கும் 'லக்' என்ற ஆங்கில வினையிலிருந்து வந்த சொல் அது. பேச்சில் நாம் சொல்லும் 'சாமான்' பாரசீகத்திலிருந்து வந்தது, வீட்டுப் பாத்திரம் வரை எல்லாவற்றையும் அது குறித்துவிடும். 'மூட்டை முடிச்சு' நல்ல தமிழ்தான், ஆனால் சக்கரம் வைத்த பெட்டிக்குச் சரிவராது. இலங்கைத் தமிழர்கள் 'பயணப்பொதி' என்று எழுதுகிறார்கள், எனக்கு ரொம்பப் பிடித்த சொல். பொதிதல் என்றால் உள்ளே வைத்து மூடுவது. பொதிமாடு, பொதிசோறு, 'பொருள் பொதிந்த பேச்சு' என்று நம்மிடமும் அது புழங்குகிறது, மலையாளத்திலும் இலையில் கட்டிய சோறு பொதிச்சோறுதான். நீங்களும் பயணப்பொதி என்றே எழுதுங்கள், யாருக்கும் விளக்கம் தேவைப்படாது.

– வாசகர், திருநெல்வேலி