ரெண்டும் 9 மி.மீ. தண்டவாளத்தில் ஓடினால் ரெண்டும் ஒரே அளவா?

வாடிக்கையாளர் புகார்ப் பிரிவுக்கு,

வணக்கம். ஆந்திராவில் இருக்கிற குப்பம் ஊரிலிருந்து எழுதுகிறேன். போன மாதம் உங்களிடம் ஓஓ-9 அளவில் (நிஜத்தில் 76-ல் ஒரு பங்கு, 9 மி.மீ. தண்டவாளத்தில் ஓடுவது) சுரங்க ரயில் மாடல் ஆர்டர் போட்டேன். பக்கவாட்டில் கவிழ்க்கிற தொட்டி வண்டி 12, ஆட்கள் உட்கார்ந்து போகும் பெட்டி 2. மொத்தம் 7,450 ரூபாய், முழுதும் முன்கூட்டியே கட்டியாயிற்று.

முதலில் பெட்டிகள் சமாச்சாரம். உங்கள் இணையப் பக்கத்தில் 1:76, நீளம் 60 மி.மீ. என்று போட்டிருந்தது. வந்ததை ஸ்கேல் வைத்து அளந்தால் 52 மி.மீ. சொச்சம்தான். அடியில் கண்ணுக்கே தெரியாத எழுத்தில் 1:87 என்று அச்சிட்டிருக்கிறது, அதாவது நீங்கள் அனுப்பியது ஓஓ-9 இல்லை, ஹெச்ஓஇ என்கிற வேறு அளவு. போன் போட்டுக் கேட்டால் உங்கள் ஆள், "சார், ரெண்டுமே 9 எம்எம் டிராக்கில்தான் ஓடும், ஒண்ணும் வித்தியாசம் இல்லை" என்கிறார்.

வித்தியாசம் இருக்கிறது. 9 மி.மீ. என்பது தண்டவாளத்தின் அகலம், வண்டியின் அளவு இல்லை. அதே 9-ஐ 76-ஆல் பெருக்கினால் 684 மி.மீ., நிஜத்தில் கிட்டத்தட்ட ரெண்டேகால் அடிப் பாதை. 87-ஆல் பெருக்கினால் 783 மி.மீ., ஐரோப்பாவில் 750, 760 மி.மீ. பாதைகளுக்கு அதைத்தான் வைத்துக்கொள்கிறார்கள். ஒன்று நிஜத்தின் ஓர் அடிக்கு மாடலில் 4 மி.மீ. கணக்கு, மற்றது 3.5 மி.மீ. கணக்கு. அதனால் 1:87 பெட்டி எட்டில் ஒரு பங்கு சின்னது. சும்மா மேஜையில் வைத்து அழகு பார்க்கிறவருக்கு இது பெரிய விஷயமில்லாமல் இருக்கலாம், நான் மூணு வாரம் உட்கார்ந்து பெயின்ட் அடித்த 14 ஆட்களும் 1:76. உள்ளே உட்கார வைத்தால் தலை கூரையில் இடிக்கிறது.

இதில் எனக்கு ஏன் இவ்வளவு ஆத்திரம் என்று கேட்டால், என் தாத்தா கோலார் தங்கவயலில், சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் டிராமர். வெட்டிய கல்லை ஏற்றின வண்டியைக் கையால் தள்ளி ஷாஃப்ட் (மேலே ஏற்றுகிற செங்குத்துக் குழி) வரைக்கும் கொண்டுவருகிற வேலை. அப்பாவும் அங்கேதான், 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கத்தை மூடும்வரை. அவருக்குக் காட்டத்தான் நாலுக்கு ரெண்டடி பிளைவுட்டில் இதைச் செய்துகொண்டிருக்கிறேன். (மண் வீட்டுக்குப் பின்னால் அள்ளியது, தங்கம் பிரித்தபின் கொட்டிய சயனைடு கழிவு மேட்டிலிருந்து இல்லை.) பெட்டியைப் பார்த்துவிட்டு அவர் கேட்டார், "இவனுங்க எல்லாம் குனிஞ்சிக்கினே ஷிஃப்டுக்குப் போறானுங்களா?" நான் என்ன பதில் சொல்வது?

சரி, தொட்டி வண்டிகளுக்கு வருவோம். அவை அளவில் சரிதான், வார்ப்பும் நன்றாகவே இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் 12-ல் 5 வண்டிக்குச் சக்கரம் அடித்தது கோணல். ரெண்டு சக்கரத்தின் உள்முகங்களுக்கு நடுவே ஏறக்குறைய 7.5 மி.மீ. இருக்க வேண்டும். வெர்னியரில் பிடித்துப் பார்த்தேன், ஒரே வண்டியில் முன் அச்சு 7.1, பின் அச்சு 7.9. நேர்ப் பாதையில் உருட்டிப் பார்த்தால் ஒன்றும் தெரியாது, உங்கள் ஆட்கள் அப்படித்தான் சோதித்திருப்பார்கள். பாதை பிரிகிற பாயிண்ட் வந்ததும் குறுகலான அச்சு, சக்கரத்தை உள்பக்கமிருந்து வழிநடத்துகிற செக் ரெயிலில் இறுகி நிற்கிறது, அகலமானது ரெண்டு தண்டவாளம் கூடுகிற கிராசிங் மூக்கில் முட்டி ஏறிக் கவிழ்கிறது. கவிழ்க்கும் வண்டி என்றால் தொட்டிதானே கவிழ வேண்டும்? அப்புறம், தொட்டிகளின் கப்ளிங்கும் (வண்டிகளை இணைக்கிற கொக்கி) பெட்டிகளின் கப்ளிங்கும் உயரத்திலேயே சேரவில்லை. கையில் பிடித்துக்கொண்டுதான் இழுக்க வேண்டும்.

இதுவரை 3 மெயில் அனுப்பினேன். மூன்றுக்கும் "தங்கள் கருத்துக்கு நன்றி" என்று ஒரே பதில். நான் கருத்து சொல்லவில்லை, புகார் சொன்னேன். இணையத்தில் விற்கிறவர்களுக்கு 2020-ல் வந்த விதிப்படி புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்த்துவைக்க வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் போடவும் எனக்குத் தெரியும், நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட பெங்களூருக்கு அலைய வேண்டாம், நான் குடியிருக்கிற மாவட்டத்திலேயே போடலாம் என்பதும் தெரியும். அதுவரைக்கும் இழுக்காதீர்கள்.

நான் கேட்பது இதுதான். ரெண்டு பெட்டிக்கும் பதிலாக உண்மையான 1:76 பெட்டி அனுப்புங்கள், கையிருப்பில் இல்லையென்றால் அதற்கான பணத்தைத் திருப்பிக் கொடுங்கள். 5 தொட்டிக்கும் சரியான சக்கரம் மட்டும் வந்தால் போதும், நானே மாட்டிக்கொள்கிறேன். திருப்பி அனுப்புகிற கூரியர் செலவு உங்களுடையது. வெர்னியரில் அளந்த போட்டோ 6 இணைத்திருக்கிறேன்.

பெட்டிகளை வந்த அட்டையிலேயே கட்டி வைத்திருக்கிறேன். எடுக்க ஆள் அனுப்பினால் மதியம் 2 மணிக்கு மேல் வரச் சொல்லுங்கள், காலையில் நான் கடையில் இருப்பேன், வீட்டில் அப்பா மட்டும்தான், அவருக்குக் காது கொஞ்சம் மந்தம்.